வெடித்துப் போன மத்து!

போன தை மாசம் அம்மாவின் மத்து வெடித்துவிட்டது. அம்மா காலமான பிறகு நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான். தப்பு என்னுடையதே. ராத்திரி முழுக்க தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். ஊறி உப்பிய மரம் சட்டென்று சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

"தூக்கிப் போடும்மா, மிக்ஸி எதுக்கு இருக்கு?" என்றாள் மகள். மனசு கேட்கவில்லை. நல்லவேளை, ஓரத்தில் மேலாகத்தான் வெடிப்பு. உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசினேன். இன்றைக்கும் அதில்தான் மோர் கடைகிறேன்.

மூன்று பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு, எடை அளவில். கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்கணும். சுமார் 63 டிகிரியிலேயே உருகிவிடும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், ஜாக்கிரதை! ஆறினால் களிம்பு மாதிரி ஆகிவிடும். நன்றாகக் காய்ந்த மரச் சாமானில் துணியால் தடவி, ராத்திரி விட்டு, காலையில் துடைத்துவிட வேண்டியதுதான். கடலை எண்ணெயில் செய்தபோது காறல் வாடை வந்துவிட்டது. வாசனை, கலர் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

கொதிக்கும் குழம்பில் போடும் கரண்டியில் மெழுகு நிற்காது. மாதம் ஒரு தடவை பூசணும். நான்ஸ்டிக் தவாவை குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறோம், அதைக் காப்பாற்றும் மரக் கரண்டியை மட்டும் ஏன் சிங்க்கில் போட்டு வைக்கிறோமோ!

ஆழமாக வெடித்து உள்ளே பூஞ்சை கறுத்திருந்தால், எவ்வளவு ஆசையான பொருளானாலும் சமையலுக்கு வேண்டாம்.

– ஒரு வாசகி, கும்பகோணம்