உழவர் நலன் என்கிறார்கள், எந்த உழவர்?

“விலைவாசி எல்லோருக்கும்தானே ஏறுகிறது, இதில் சாதி எங்கே வந்தது?” இந்தக் கேள்விக்குச் சமையல் எண்ணெயை வைத்தே பதில் சொல்லலாம்.

இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மீதான இறக்குமதி வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 ஆக ஒரே அடியில் உயர்த்தியது. கடையில் விலை ஏறியது. சொன்ன காரணம், உழவர் நலன்.

எந்த உழவர்? மக்கள்தொகையில் நாம் 16 விழுக்காட்டுக்கும் மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் நம் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. கடலை விலை ஏறினால் லாபம் நிலம் வைத்திருப்பவருக்கு. அதே கடலையைப் பறிக்கும் சேரிப் பெண்ணுக்கு விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எண்ணெயை அவர் பாக்கெட்டில்தான் வாங்குகிறார்.

விலை ஏறினால் கூலியும் ஏறும் என்பார்கள். அரசு ஊழியருக்கு விலைக் குறியீட்டைக் கணக்கிட்டு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. விவசாயக் கூலிக்குக் காகிதத்தில் குறைந்தபட்சக் கூலி உண்டு; களத்துமேட்டில் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஆதிக்க சாதி நிலக்காரரிடம். கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்துக் கொன்றார்கள். பணவீக்கத்தை ஈடுகட்டக் கூலி உயர்வு கேட்பது இந்த மண்ணில் சாதியை எதிர்த்து நிற்பதும்தான்.

அப்படியென்றால் இறக்குமதியைத் திறந்துவிட்டால் போதுமா? போதாது. 2025 மே இறுதியில் வரி 16.5 விழுக்காடாகக் குறைந்தது. அந்தக் குறைப்பை மக்களுக்குக் கொடுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு அரசே அறிவுறுத்த வேண்டியிருந்தது. வரி ஏறும்போது மட்டும் அப்படி யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை!

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்தைத் தாங்குவது ரேஷன் கடையின் 25 ரூபாய் பாமாயில். அதுவும் இறக்குமதிச் சரக்குதான். ஆனால் சந்தைக்கும் அடுப்புக்கும் நடுவில் அரசு நிற்கிறது. ஆகவே வணிகம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். நம் கோரிக்கைகள் மூன்று: விலையோடு தானாக உயரும், களத்தில் கண்காணிக்கப்படும் கூலி, ரேஷனில் கூடுதல் எண்ணெய், பருப்பு, பறிபோன பஞ்சமி நிலம்.

நிலம் நம் கைக்கு வராத வரை, ‘உழவர் நலன்’ என்று யார் சொன்னாலும் கேளுங்கள், தோழர்களே: எந்த உழவர்?