கம்பி ஒன்று, கடை நூறு!

தோழனே,

மின்சாரமும் மிளகாய் வற்றலும் ஒன்றுதான் என்று ஒரு புதிய வேதம் டில்லியிலே ஓதப்படுகிறது. "இரண்டும் சரக்குத்தானே! சந்தையிலே விடுங்கள். நூறு வணிகர் வரட்டும். தொலைபேசி நிறுவனத்தை மாற்றுவதுபோல மக்கள் மின்சார நிறுவனத்தையும் மாற்றிக்கொள்ளட்டும். போட்டி வந்தால் விலை குறையும். விலை குறைந்தால் மக்கள் மகிழ்வர்!" கேட்பதற்கு எவ்வளவு இனிப்பு!

இந்த இனிப்பு 2022 ஆகஸ்டு 8 அன்று மின்சாரத் திருத்த மசோதா என்ற தாளிலே பொட்டலம் கட்டப்பட்டு மக்களவைக்குள் நுழைந்தது. எதிர்ப்பு எழுந்தது, நிலைக்குழுவுக்கு அனுப்பினர், அந்த மக்களவையின் ஆயுள் முடிந்தபோது மசோதாவின் ஆயுளும் முடிந்தது. ஆசை மட்டும் முடியவில்லை. 2025 அக்டோபரிலே புதிய வரைவு ஒன்று வெளிவந்தது. அதிலேயும் அதே சரக்கு: ஒரே கம்பி வழியே பல வணிகர் மின்சாரம் விற்கலாம்!

வாதத்துக்கு வாதம் அடுக்க நான் வரவில்லை. இவர்கள் காணும் கனவு இருபதாண்டுக்கும் மேலாக நனவாகிக் கிடக்கும் ஒரு மாநிலத்துக்கு உன்னை அழைத்துப் போகிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ்! எண்ணெய்க் கிணறும் எரிவாயுக் கிணறும் காற்றாலைக் காடும் நிறைந்த பூமி. மின்சாரத்துக்குப் பஞ்சம் வரவே கூடாத மண். அங்கே என்ன நடந்தது என்று பார்.

அமெரிக்காவிலே மின்வலைகள் மூன்று. கிழக்குப் பகுதிக்கு ஒன்று, மேற்குப் பகுதிக்கு ஒன்று. மூன்றாவது டெக்சாஸுக்கென்று தனியாக ஒன்று. ஏன் இந்தத் தனிக்குடித்தனம்? மாநில எல்லையைத் தாண்டி மின்சாரம் போனால்தான் கூட்டரசின் கட்டுப்பாடு வரும் என்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எல்லையைத் தாண்டாமலிருந்தால் எவனுக்கும் கணக்குக் காட்ட வேண்டாம் என்று டெக்சாஸ் மின்முதலாளிகள் முடிவு கட்டினர். மாநில உரிமைக்காகப் பேசுகிற நமக்கு இது உறுத்தலாம். தோழனே, உறுத்த வேண்டியதில்லை. மக்களைக் காக்க மாநிலம் உரிமை கேட்பது ஒன்று. மக்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள முதலாளிகள் மாநிலத்தின் பெயரைப் போர்த்திக்கொள்வது வேறொன்று.

1976 மே மாதத்திலே ஒரு நள்ளிரவு. ஒரு நிறுவனம் சத்தமில்லாமல் டெக்சாஸ் மின்சாரத்தை எல்லைக்கு அப்பால் ஓக்லஹோமாவுக்குச் சில மணி நேரம் அனுப்பிவிட்டது. அவ்வளவுதான்! மற்ற நிறுவனங்கள் பதறியடித்து அதனுடனான இணைப்புகளை வெட்டின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அண்டை மாநிலத்தானுக்கு விளக்கெரிய உதவியது அங்கே குற்றம்! நான் நாடகத்திலே இப்படியொரு காட்சி எழுதியிருந்தால், "மிகைப்படுத்துகிறான்" என்று முன்வரிசையிலேயே முணுமுணுத்திருப்பர்.

பிறகு வந்தது 1999. ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்து கையெழுத்திட்ட சட்டம், மின்விற்பனையைச் சந்தைக்குத் திறந்துவிட்டது. திறக்கச் சொல்லித் தட்டிய கைகளில் ஒரு கை ஹூஸ்டன் நகரத்து என்ரான் நிறுவனத்தின் கை. ஆம், அதே என்ரான்தான்! மராட்டியத்தின் தாபோலில் மின்நிலையம் கட்டி, கட்டுப்படியாகாத விலையை மாநில மின்வாரியத்தின் தலையிலே சுமத்தி, 2001 மே மாதத்திலே அந்த வாரியம் "இனி உன் மின்சாரம் வேண்டாம்" என்று கைவிரிக்கும்படிச் செய்த அதே என்ரான். டெக்சாஸ் சந்தை 2002 சனவரி முதல் நாள் திறந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னே, 2001 டிசம்பரிலே, என்ரான் திவாலாகிவிட்டது. கலியாணத்துக்கு அலைந்த தரகன் முகூர்த்தத்துக்கு முன்பே ஓடிப்போனான். கலியாணம் மட்டும் நிற்கவில்லை!

சந்தை திறந்தபின் கடைகள் பெருகின. நூற்றுக்கு மேல் விற்பனையாளர்கள். இரவிலே இலவசம் என்று ஒருவர், வார இறுதியிலே இலவசம் என்று மற்றொருவர். எந்தத் திட்டம் மலிவு என்று கண்டுபிடிக்கக் குடிமகன் கணக்கராக வேண்டும். எழுத்துகளோ உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்கும். இதிலே வேடிக்கையைக் கவனி. இந்த வணிகன் கம்பம் நடவில்லை, கம்பி இழுக்கவில்லை. புயலிலே கம்பி அறுந்தால் ஏணி தூக்கி வருகிறவனும் இவனில்லை. கம்பி வேறொரு நிறுவனத்தின் ஏகபோகம். உற்பத்தி இன்னொருவருடையது. இவன் வாங்கி விற்கிறான், சீட்டுப் போடுகிறான், தரகு எடுக்கிறான். தொலைபேசியோடு இதை ஒப்பிடுகிறார்களே, அங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் கோபுரம் உண்டு. இங்கே கம்பி ஒன்று, கடை நூறு!

விலையாவது குறைந்ததா? இதைச் சோதித்துப் பார்க்க அந்த மாநிலத்திலேயே ஒரு வாய்ப்பு இருந்தது. நகராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் விரும்பினால் சந்தைக்கு வரலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்றது சட்டம். ஆஸ்டின், சான் அன்டோனியோ ஆகிய மாநகரங்கள் தங்கள் மின் நிறுவனத்தைத் தாங்களே வைத்துக்கொண்டன. ஆக, ஒரே மாநிலம், ஒரே மின்வலை, இரண்டு விதக் குடிமக்கள். 2021 பிப்ரவரியிலே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்குப் போட்டது. பழைய முறை நிறுவனங்களின் விலையோடு ஒப்பிட்டால், சந்தையிலே வாங்கியவர்கள் 2004 முதல் 2,800 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தனர்! சொன்னது பொதுவுடைமை ஏடல்ல, தோழனே. பங்குச் சந்தையின் செல்லப்பிள்ளை.

இப்போது அந்தக் குளிருக்கு வருவோம்.

2021 பிப்ரவரி நடுவிலே டெக்சாஸ் முழுவதும் பனி கொட்டியது. டாலஸ் நகரிலே வெப்பம் சுழியத்துக்குக் கீழே 19 டிகிரிவரை இறங்கியது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. அனல் நிலையங்களின் கருவிகள் உறைந்தன. காற்றாலைச் சிறகுகளும் உறைந்தன. எதிர்பாராத இடியா இது? இல்லை! 2011 பிப்ரவரியிலேயே இதேபோல் உறைந்து இருண்டது அந்த மாநிலம். கூட்டரசின் ஒழுங்குமுறை அதிகாரிகள் விசாரித்து, "கருவிகளுக்கும் குழாய்களுக்கும் குளிர்க்காப்புச் செய்யுங்கள்" என்று அறிக்கை கொடுத்தனர். கட்டாயமாக்கினார்களா? இல்லை. செய்தார்களா? பலர் செய்யவில்லை. ஏன் செய்வார்கள்? அங்கே விற்ற யூனிட்டுக்கு மட்டுந்தான் காசு; என்றோ வரப்போகும் குளிருக்காக இன்று போர்வை வாங்குகிறவனுக்குக் காசில்லை. போர்வை வாங்கியவன் போட்டியிலே பின்தங்குவான், வாங்காதவன் முந்துவான். இதுதான் அவர்கள் புகழும் போட்டி!

பிப்ரவரி 15 பின்னிரவு, இரண்டு மணிக்குச் சற்று முன். மின்வலை நிலைகுலைந்து சரிந்தது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே போயிருந்தால் மாநிலம் முழுவதும் ஒரே இருட்டு. மீட்க வாரக்கணக்கிலே ஆகியிருக்கும் என்று மின்வலையை நடத்தும் எர்காட் அமைப்பின் தலைவரே பிறகு ஒப்புக்கொண்டார். வலையைக் காக்க வீடுகளை வெட்டினார்கள். 45 இலட்சம் வீடுகளுக்கு மேல் இருள். வெட்டிய பகுதிகளிலே எரிவாயு நிலையங்களும் இருந்தன. இன்றியமையாதவை என்ற பட்டியலிலே பெயர் கொடுக்க அந்த முதலாளிகள் மறந்திருந்தார்கள்! மின்சாரம் போனதால் எரிவாயு நின்றது. எரிவாயு நின்றதால் மின்சாரம் நின்றது. மக்கள் நாற்காலி மேசைகளை உடைத்துத் தீ மூட்டினர். சூட்டுக்காகக் கொட்டகைக்குள்ளே காரை ஓடவிட்டு, புகையின் நஞ்சிலே மாண்டவர்கள் உண்டு. அரசின் கணக்குப்படி மாண்டவர் 246 பேர். எண்ணெய் வற்றாத பூமியிலே, தோழனே, குளிர் காய வழியின்றி!

அந்த வேளையிலே விலை என்ன ஆயிற்று? சந்தை தானாக விலை பேசும் என்றார்களே, அது பேசவில்லை. நாடே இருண்டு கிடக்கையில் ஓர் ஆயிரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,200 டாலர்வரை இறங்கிய விலையைக் காட்டிக்கொண்டிருந்தது கணிப்பொறி. மின்சார ஆணையத்திலே மூன்று அதிகாரிகள் கூடி, "இது போதாது, உச்ச விலையை வை" என்று உத்தரவு போட்டனர். உச்ச விலை 9,000 டாலர். யூனிட் ஒன்றுக்கு 9 டாலர். அன்றைய மதிப்பிலே ஏறத்தாழ 650 ரூபாய்! முந்தைய ஆண்டின் சராசரியோ யூனிட்டுக்கு மூன்று செண்டுக்கும் குறைவு. முந்நூறு மடங்கு! ஏழைக்கு விலையைக் குறைக்கச் சொன்னால், "அரசு சந்தையிலே தலையிடக் கூடாது" என்பார்கள். விலையை ஏற்றவோ அரசின் கை வேண்டும். இருட்டடிப்பு நின்ற பிறகும் 32 மணி நேரம் அந்த விலையைத் தேவையின்றி நீடித்தார்கள், அதனால் 1,600 கோடி டாலர் மிகையாக விதிக்கப்பட்டது என்று சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பே அறிவித்தது. திருத்தவில்லை. மூன்று அதிகாரிகளும் பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பதவி விலகினர், விலை விலகவில்லை.

கிரிடி என்றொரு விற்பனையாளர். மாதம் 10 டாலர் சந்தா கட்டினால் சந்தை விலைக்கே மின்சாரம் என்று ஆள் சேர்த்தவர். புயலுக்குச் சற்று முன் தம் வாடிக்கையாளருக்கே அவர் செய்தி அனுப்பினார்: வேறு நிறுவனத்துக்கு உடனே மாறிவிடுங்கள் என்று! கடைக்காரனே "என் கடைக்கு வராதே" என்று கும்பிடுகிற கடை. மாறப் போனவர்களைப் பிற நிறுவனங்கள் பல உடனே சேர்க்கவில்லை. நாளொன்றுக்கு 50 யூனிட் செலவிட்ட வீட்டுக்கு 450 டாலர். ஒருவருக்கு வந்த தொகை 16,000 டாலரைத் தாண்டிற்று. மார்ச்சு மாதத்திலே கிரிடி திவால். அதற்கு முன்பே பிராசோஸ் என்ற பெரிய மின் கூட்டுறவுச் சங்கமும் திவால்.

நிலையான விலைக்கு ஒப்பந்தம் போட்டவர்கள் தப்பினார்களா? அவர்கள் பங்கும் பத்திரமாகத்தான் வந்தது, கடன் பத்திரமாக! அந்த ஒரு வாரத்துச் செலவுக்காகக் கோடிக்கணக்கான டாலருக்குப் பத்திரங்கள் விற்க அரசு சட்டமியற்றியது. வட்டியும் முதலும் மின்கட்டணச் சீட்டிலும் எரிவாயுச் சீட்டிலும் ஏறும். சில பத்திரங்களுக்குக் கெடு முப்பது ஆண்டுவரை. எரிவாயு முதலாளிகளுக்கோ அறுவடை. எனர்ஜி டிரான்ஸ்பர் என்ற ஒரு நிறுவனம் மட்டும் அந்தப் புயலால் 240 கோடி டாலர் ஈட்டியது. மற்றொரு நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர், பரிசுச் சீட்டு விழுந்தது போலிருக்கிறது என்று முதலீட்டாளர்களிடம் பூரித்தார். கொலராடோ சிட்டி என்ற சிற்றூரின் மேயர், உங்களுக்கு விளக்கெரிக்கக் கடன்பட்டவர் யாருமில்லை என்று மக்களுக்கே எழுதிவிட்டு, பதவியை விட்டுப் போனார். மேலவை உறுப்பினர் டெட் குரூஸ் மெக்சிகோ கடற்கரைக்குப் பறந்தார். ஆளுநர் கிரெக் அபட் தொலைக்காட்சியிலே தோன்றிப் பழியைக் காற்றாலைமீதும் சூரிய ஒளிமீதும் போட்டார். மிகுதியாக நின்றுபோனது எரிவாயு மின்சாரம் என்பதை அவருடைய அதிகாரிகளே அறிவர்.

அந்தக் காற்றாலைகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். காற்று மின்சாரத்திலே அமெரிக்காவில் முதலிடம் டெக்சாஸுக்குத்தான். "பார்த்தாயா, சந்தையின் சாதனை" என்பார்கள். மேற்கே வீசும் காற்றைக் கிழக்கே இருக்கும் நகரங்களுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,600 மைல் மின்பாதை போட்டார்களே, அது எப்படி வந்தது? 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையத்தின் திட்டம், செலவு சுமார் 700 கோடி டாலர், அதைத் தாங்கியவர்கள் மின்கட்டணம் செலுத்தும் மக்கள் அனைவரும். நம் ஊரில் இதற்குத் திட்டமிடல் என்று பெயர்.

நம் வாரியத்திலே குறையில்லையா என்பாய். உண்டு, தோழனே, மறைப்பானேன்! கடன் ஒரு இலட்சம் கோடிக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. வெளியிலே வாங்கும் மின்சாரத்தின் விலை நம்மை உறிஞ்சுகிறது. அலுவலகத்திலே அலைக்கழிப்பு உண்டு, கையூட்டும் உண்டு. இவற்றைத் திருத்தச் சொல்லி முதலில் கூச்சலிட வேண்டியவர்கள் நாமே. ஆனால் 1957இலே அமைந்த அந்த வாரியம், ஆலைக்காரரிடம் கூடுதலாக வாங்கிக் குடிசைக்கு விளக்கேற்றியது, உழவனின் கிணற்றிலே பம்பு ஓட்டியது. நூறு கடை வந்தால் என்ன ஆகும்? ஆலையும் மாளிகையும் உள்ள தெருவுக்கு நூறு பேரும் ஓடுவர். குடிசையும் கிணறும் வாரியத்தின் தலையிலே மிஞ்சும். ஆலைக்காரரின் பணம் மட்டும் மிஞ்சாது. பிறகு, "பார்த்தீர்களா, வாரியம் நட்டத்தில் ஓடுகிறது" என்று அதே வாய் பேசும்.

தெருமுனைக் கூட்டத்திலே யாரேனும் எழுந்து, "இருந்தாலும் போட்டி நல்லதுதானே" என்று கேட்டால், எல் பாசோ என்ற ஊரின் பெயரைச் சொல். அதுவும் டெக்சாஸ்தான், மேற்குக் கோடியிலே இருக்கிறது. அதே வாரம் அங்கும் கடுங்குளிர். அந்த ஊர் தனிக்குடித்தன வலையிலே இல்லை. மேற்கு மாநிலங்களின் வலையோடு இணைந்தது. நூறு கடையும் அங்கே கிடையாது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஒரே நிறுவனம். 2011இலே பட்ட அடிக்குப் பிறகு அது குளிர்க்காப்புச் செய்துகொண்டது. அந்தச் செலவைக் கட்டணத்திலே சேர்க்க ஒழுங்குமுறை இடமளித்தது. 2021 பிப்ரவரியிலே அங்கே விளக்கு அணைந்த வீடுகள் சில ஆயிரம். அணைந்திருந்த நேரம், பெரும்பாலான வீடுகளிலே, ஐந்து நிமிடம்.