கம்பீரத்துக்கு என்ன விலை?

தில்லி கரோல்பாக்கில் பழைய கார் வியாபாரிகள் ஒரு வண்டிக்கு விலை சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. சுற்றி ஒரு நடை, பானெட்டுக்குள் ஒரு பார்வை, ஆர்.சி.யில் ஒரு பார்வை. உடனே ஒரு தொகை. விற்க வந்தவருக்கு முகம் சுருங்கிவிடும். 30 லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியாயிற்றே! அவர் அந்த 30 லட்சத்திலிருந்து கழித்துக்கொண்டே வருகிறார். வியாபாரியோ, இதை எந்த ஊரில், யார் தலையில், என்ன விலைக்குக் கட்டலாம் என்று தொடங்கிப் பின்னோக்கி வருகிறார். பெரும்பாலும் வியாபாரியின் கணக்கே ஜெயிக்கிறது.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வண்டியை விற்கத் துணிந்த குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் லட்சங்களில் இருக்கும். எனவே வியாபாரியின் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

பலர் கையில் எடுத்துச் செல்லும் ஆதாரம் இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் ஐ.டி.வி. என்றொரு தொகை இருக்கிறது. வண்டி திருடுபோனால் அல்லது முற்றிலும் நொறுங்கினால் கம்பெனி தரும் உச்சவரம்பு அது. சந்தை விலை அல்ல. அதற்கான தேய்மான அட்டவணையே ஐந்தாவது ஆண்டில், 50 சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி வைத்துக்கொள்வதுதான். 11 வயதான வண்டிக்கு அந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடினால் வியாபாரி டீ வாங்கிக் கொடுப்பார், விலையை ஏற்றமாட்டார்.

சரியான தொடக்கம், அதே மாடல், அதே ஆண்டு, அதே எரிபொருள், அதே எண்ணிக்கையில் கை மாறிய நாலைந்து வண்டிகள் இப்போது என்ன விலைக்குப் போகின்றன என்பது. விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. படியும் விலை அதற்குக் கீழேதான். ஓர் உதாரணத்துக்கு, கேட்கும் விலை 12 லட்சம், படிவது 11 லட்சம் என்று கொள்வோம். நான்கு டயர்கள் 70,000, சஸ்பென்ஷன் வேலை 60,000, பெயின்ட் 40,000. மீதி 9.30 லட்சம். வியாபாரியின் லாபம் 90,000 என்றால், அவர் தரக்கூடியது 8.40 லட்சம். ஜி.எஸ்.டி. பதிவுபெற்ற வியாபாரி தன் லாபத்தின்மீது 18 சதவீத வரியும் கட்ட வேண்டும். அதுவும் இந்த 90,000க்குள்தான் அடங்கியாக வேண்டும். நேரடியாக ஓர் ஆளுக்கே விற்றால் இந்த இடைத்தொகையில் பாதியாவது மிஞ்சும். ஆனால் வீட்டு வாசலில் வந்து வண்டியை ஓட்டிப் பார்க்கும் பத்துப் பேரைச் சமாளிக்கும் பொறுமை வேண்டும்.

எல்லாப் பெரிய வண்டிகளுக்கும் ஒரே நியாயம் கிடையாது. டொயோட்டா ஃபார்ச்சூனர் பத்து வயதிலும் விலை நிற்கிறது. சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் அது பழக்கம், உதிரிபாகம் கிடைக்கும். மாவட்டப் பிரமுகரின் பரிவாரத்தில் ஓடும் தகுதியையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். அதே வயது ஆடி க்யூ7 அல்லது ரேஞ்ச் ரோவரின் கதை வேறு. ஏர் சஸ்பென்ஷன் கசிந்து, காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், புதிய விலை எவ்வளவு என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். பழுதுபார்க்க எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபின், எண்டெவர் வாங்க வருபவரின் முதல் கேள்வியும் உதிரிபாகம் பற்றியதுதான்.

தில்லியில் இதற்குமேல் இன்னொரு கழித்தல் உண்டு: சட்டம். பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலையில் வயதான வண்டிகளுக்கு பங்க்குகளில் எரிபொருள் கிடையாது என்று அறிவித்து, சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பதற்றத்தில் சிலர் சொகுசுக் கார்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. ஆக, 2009இல் பதிவான பிஎஸ்-3 டீசலுக்கும் 2014இல் பதிவான பிஎஸ்-4 டீசலுக்கும் இடையே இருப்பது வெறும் ஐந்து வருட வித்தியாசம் அல்ல. முன்னதை என்.ஓ.சி. வாங்கி வெளிமாநிலத்துக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே மறுபதிவு, மறுபடியும் சாலை வரி. அத்தனையும் தில்லிக்காரரின் பையிலிருந்துதான் போகிறது.

போதாததற்கு, 2025 செப்டம்பரில் பெரிய எஸ்.யு.வி.க்களின் வரி, செஸ்ஸையும் சேர்த்து 50 சதவீதமாக இருந்தது, 40 ஆகக் குறைந்தது. புது வண்டி மலிந்தால் பழையதும் இறங்கும். அதற்கு முந்தைய விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறியலாம்.

வாங்குபவரும் சும்மா இருக்கக்கூடாது. மீட்டர் 60,000 கி.மீ. என்று காட்டும், பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அத்தனை குறைவாக ஓடிய வண்டிக்கு டயர் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்கலாம். கம்பெனி சர்வீஸ் பதிவுகளைக் காட்டத் தயங்கினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கடைசியில் இரண்டு விலைகள் வந்து நிற்கும். ஒருவர் 8.40 லட்சம் தருகிறார், பெயர் மாற்றத்தைத் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் 9 லட்சம், ஆனால் “டிரான்ஸ்ஃபர் அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது 29சி படிவத்தில் தகவல் தந்தால், அந்தப் பொறுப்பு வியாபாரிக்கு மாறிவிடும். அதன் ஒப்புகை கைக்கு வந்தபின் சாவியைக் கொடுத்தால் போதும்.