நிறம் மாறிய கூந்தல்

சென்ற திங்களில் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம் உள்ளத்தை வெகுவாக உறுத்திற்று. எழுதியவர் மட்டாஞ்சேரியில் நெடுநாளாகக் குடியிருக்கும் நம் சகோதரி ஒருவர். அவருடைய மகளுக்கு வயது 19, கல்லூரியில் பயில்கிறாள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் கருங்கூந்தல் அவளுக்கு. தோழியருடன் ஓர் அழகு நிலையத்திற்குச் சென்றவள், கூந்தலின் கீழ்ப்பாதியைச் சற்றே பழுப்பாக்கிக் கொள்ள விரும்பினாள். வீடு திரும்பியபோது அது பழுப்பாக இல்லை. காய்ந்த தேங்காய் நாரின் நிறமாக இருந்தது. தாய்க்குத் தெரியுமுன் மறைத்துவிட எண்ணி, மறுநாளே கடையில் ஒரு கருஞ்சாயப் பொட்டலம் வாங்கித் தானே பூசிக் கொண்டாள். மூன்று வாரத்தில் அது திட்டுத்திட்டாக வெளுத்து, மீண்டும் நாரின் நிறமே எட்டிப் பார்த்தது.

"கோபத்தில் சொல்லக் கூடாத சொற்களைச் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. கழுத்தளவோடு வெட்டிவிடப் போவதாகக் கூறுகிறாள். ஊரிலிருந்து என் மாமியார் அடுத்த மாதம் வருகிறார். வெட்டிவிடலாமா? மறுபடியும் சாயம் இடலாமா? பழைய நிறம் என்றேனும் திரும்புமா?" என்று அத்தாய் கேட்டிருக்கிறார்.

இது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று நிகழ்வது. ஆகையால் விடையை எல்லாச் சகோதரியரும் அறிய இங்கே எழுதுகிறோம்.

முதலில் கூந்தலின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். தலைமயிர் திங்களுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. உயிர் இருப்பது தோலுக்கு அடியிலுள்ள வேரில் மட்டுமே. தோலைவிட்டு வெளிவந்த இழைக்கு உயிரில்லை. 80 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஆறரை ஆண்டுகளுக்கு முன் முளைத்தது. அப்பெண் ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்தபோது தலையில் தோன்றிய மயிரே இன்று அவள் இடுப்பில் தொங்குகிறது. அத்தனை வெயிலையும் மழையையும் சீப்பையும் தாங்கிய அந்தப் பழைய இழை, தனக்கு நேர்ந்த காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ள வல்லதன்று. கைவிரலில் பட்ட காயம் ஆறும். பட்டுப் புடவையில் பட்ட காயம் ஆறுமோ? நீண்ட கூந்தல் இவ்வகையில் பட்டினைப் போன்றது.

இனி நிறம் மாறிய காரணத்தைக் கூறுவோம். மயிரின் மேற்புறம் ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் மெல்லிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. அதனுள்ளே மெலனின் என்னும் நிறப்பொருள் உறைகிறது. நிறம் நீக்கும் கலவையிலுள்ள அம்மோனியா போன்ற காரம் அவ்வோடுகளைத் தூக்கிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே நுழைந்து மெலனினைச் சிதைக்கிறது. கருமயிரில் கறுப்பு முதலில் குறையும். அப்போது அதன் அடியில் மறைந்திருந்த செம்மையும் மஞ்சளும் வெளிப்படும். செம்மை, நாரத்தைப்பழ நிறம், மஞ்சள் என்ற வரிசையிலேயே நம்மவர் கூந்தல் வெளுக்கும். இடையில் நிறுத்தினால் தேங்காய் நாரின் நிறம் வருவது இயல்பே. அது அப்பெண்ணின் கூந்தலின் குற்றமன்று.

பின்னர் இட்ட கருஞ்சாயம் ஏன் நிற்கவில்லை? தூக்கிய ஓடுகளுள் மழைநீர் எளிதாகப் புகும். எளிதாகவே ஒழுகியும் விடும். வெளுத்த மயிர் சாயத்தை விரைந்து உறிஞ்சும். குளிக்கும் ஒவ்வொரு முறையும் விரைந்து இழக்கும். திட்டுத்திட்டாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

இதனைத் திருத்தும் தத்துவத்தை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்னும் இடத்திலுள்ள சலவைக்கூடத்தை நம்மில் அறியாதார் இலர். டச்சுக்காரர் கொச்சியை ஆண்ட காலத்தில் (1663 முதல் 1795 வரை) அவர்தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் கையால் துவைத்து, முறுக்கிய கயிறுகளின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்துகின்றனர். பழுப்பேறிய வெள்ளை வேட்டியை அவர்கள் என்ன செய்கின்றனர்? வெளுத்த பின் சிறிது நீலம் போட்ட நீரில் அலசுகின்றனர். மஞ்சளுக்கு எதிரான நீலம் அந்தப் பழுப்பை அடக்கிவிட, வேட்டி பளிச்சென்று தோன்றுகிறது. பழுப்பு உண்மையில் நீங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அடங்குகிறது. கூந்தலிலும் இதே முறைதான். நாரத்தைப்பழ நிறத்தை நீலச் சாயல் அடக்கும். மஞ்சளை ஊதாச் சாயல் அடக்கும். தேர்ந்தவர்கள் கூந்தலைப் பழைய கருமைக்குக் கொண்டுவரும்போது, முதலில் இழந்த செம்பழுப்பை நிரப்பி, அதன்மேல் கருமையை ஏற்றுவார்கள். இதைக் கேட்டு எவரும் சலவை நீலத்தைத் தலையில் கரைத்து ஊற்றிவிடக் கூடாது என்று வலியுறுத்திக் கூறுகிறோம். அது துணிக்கு உரியது, தலைக்கு உரியதன்று.

மருதாணியும் அவுரியும் நம் முன்னோர் அறிந்த சாயங்கள். மருதாணி இலையின் செந்நிறம் மயிரின் புரதத்தோடு பிணைந்து நிற்கும். அதன்மேல் அவுரி இலைப் பொடியை இட்டால் கரும்பழுப்பு முதல் கருமை வரை கிடைக்கும். வெளுத்த மயிரில் அவுரியை மட்டும் தனியே இட்டால் பச்சை தட்டும். மருதாணி முன்னும் அவுரி பின்னுமாக இடுவதே முறை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இலைச்சாயத்தின்மேல் பின்னொரு நாள் நிறம் நீக்கும் கலவையை இட்டால் விரும்பாத நிறங்கள் தோன்றும். கடையில் விற்கும் பொடிகள் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவை பெராக்சைடுடன் சேர்ந்தால் சூடேறி மயிரைப் பொசுக்கவும் கூடும். எனவே இலைச்சாயம் இட முடிவு செய்தால் அதுவே முடிவாக இருக்கட்டும். இருவழியையும் கலக்க வேண்டா.

இன்னொன்று. "கருப்பு மருதாணி" என்ற பெயரில் விற்பவை பலவற்றில் பாராஃபெனிலின்டையமின் என்னும் ரசாயனம் இருக்கிறது. பொட்டலத்தில் வரும் கருஞ்சாயங்கள் பெரும்பாலானவற்றிலும் இதுவே கருமையைத் தருகிறது. சிலருடைய தோலுக்கு இது ஒவ்வாது. முகம் வீங்கும், தலை கொப்புளிக்கும். முன்பு ஒருமுறை ஒன்றும் ஆகவில்லை என்பதனால் அடுத்த முறையும் ஆகாது என்று எண்ணலாகாது. ஒவ்வொரு முறையும் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பிறகே தலையில் இட வேண்டும். தலையில் எரிச்சலோ கொப்புளமோ கொத்தாக மயிர் உதிர்தலோ கண்டால், கைமருத்துவத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் செல்க.

இப்போது அச்சகோதரியின் கேள்விகளுக்கு நேரே வருவோம்.

வெட்டிவிடலாமா? இன்று வேண்டா. அழுத கண்ணோடு எடுக்கும் கத்தரிக்கோல் ஆறு ஆண்டுகளின் வளர்ச்சியை ஆறு நிமிடத்தில் எடுத்துவிடும். ஒரு திங்கள் கழித்து, மனம் அமைதியுற்ற பின்னும் அவள் அதையே விரும்பினால், அது அவள் தலை, அவள் விருப்பம். வெட்டுவது குற்றமன்று. அவசரத்தில் வெட்டுவதே வருத்தம் தரும்.

மறுபடியும் சாயம் இடலாமா? உடனே வேண்டா. முதலில் நேர்ந்த தவறு சிறிது. அதை ஒரே இரவில் மறைக்க முயன்ற இரண்டாவது தவறே கூந்தலை அதிகம் கெடுத்தது. மூன்றாவதற்கு இடம் தர வேண்டா. குறைந்தது 4 வாரம் கூந்தலுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு அனுபவமிக்க ஒருவரிடம், இதுவரை இட்டவை அனைத்தையும் ஒளியாமல் கூறி, ஒரு சிறு கற்றையில் மட்டும் சோதித்துப் பார்த்து, அம்மோனியா இல்லாத மென்சாயமாக இடச் செய்யலாம். பாட்டி வருவதற்குள் ஏதேனும் செய்தாக வேண்டும் என்றால், பின்னலை மடித்துக் கட்டிப் பூச்சூட்டினால் போதுமே!

பழைய நிறம் திரும்புமா? வெளுத்த இழையில் திரும்பாது. வேரிலிருந்து வரும் புதிய இழை பழைய கருமையோடுதான் வரும். ஆண்டுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர். இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை நுனியில் ஒரு விரற்கடை கத்தரித்துக்கொண்டே வந்தால், நீளம் பெரிதும் குன்றாமல், நாரின் நிறம் ஆண்டுதோறும் கீழிறங்கி ஒருநாள் மறையும்.

அதுவரை இருக்கும் கூந்தலைக் காப்பதே கடமை. அதற்குரிய முறைகளைச் சொல்லுகிறோம்.

தேங்காய் எண்ணெயின் நாட்டில் வாழும் நமக்கு முதல் மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், மயிரிலிருந்து புரதம் கழிந்து போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே தெளிவாகக் குறைத்தது எனக் கண்டனர். அதிலுள்ள லாரிக் அமிலம் மயிரின் உட்புறம் வரை ஊடுருவுவதே காரணம் என்பர். வெளுத்த மயிருக்கும் இது பொருந்தும். குளித்த பின் பளபளப்புக்குத் தடவுவதைவிட, குளிக்குமுன் தடவி ஊறவிடுவதே பயன் மிகுந்தது.

குளியலுக்கு உடம்புச் சோப்பு ஆகாது. அதன் காரம் ஓடுகளை மேலும் தூக்கும். மென்மையான ஷாம்பூவை நீரில் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேய்க்கலாம். நுனிக்கு அந்த நுரை வழிந்து போவதே போதும். நம் மலையாளச் சகோதரியர் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளி வழுவழுப்பாக இருந்து சிக்கலைத் தடுக்கும். அண்டை வீட்டில் கேட்டால் இலையும் கிடைக்கும், செய்முறையும் கிடைக்கும். எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவி வெயிலில் நிற்கும்படி எவரேனும் கூறினால் கேளாதீர். அது மேலும் வெளுக்கச் செய்யும்.

நீரையும் கவனிக்க வேண்டும். உப்பங்கழியும் கடலும் சூழ்ந்த மேற்குக் கொச்சியில் நல்ல நீர் எக்காலத்தும் அரிது. ஆலுவை ஆற்றிலிருந்து படகில் நன்னீர் கொணர்ந்த காலமும் உண்டு. இன்றும் சில வீட்டுக் கிணறுகளில் உவர்ப்பும், சிலவற்றில் வாளியைச் சிவக்க வைக்கும் இரும்பும் உண்டு. அந்த இரும்பு வெளுத்த மயிரில் எளிதாகப் படிந்து செந்நிறத்தை மிகுவிக்கும். கடைசி அலசலுக்கேனும் குழாய் நீரையோ சேமித்த மழைநீரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த மயிர் எளிதில் இழுபட்டு அறுந்துவிடும். துண்டால் முறுக்கிப் பிழியாமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அகன்ற பல் சீப்பினால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். இடவப்பாதி மழை நாளில் ஈரத்தோடு பின்னலிட வேண்டா. விசிறிக் காற்றில் உலர்த்துக. சூடான காற்றுக் கருவியும் இஸ்திரியிடும் கருவியும் ஓராண்டுக்கு அலமாரியிலேயே உறங்கட்டும். இரவில் தளர்ந்த ஒற்றைப் பின்னல் போதும். நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் உதிர்வது எவருக்கும் இயற்கை. அதைக் கண்டு அஞ்ச வேண்டா.

முடிவாக, அத்தாய்க்கு ஒரு சொல். சகோதரி, ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் பிள்ளைகளின் தோற்றத்தில் சிறு மாறுதல் கண்டாலும், ஊரே கைவிட்டுப் போனதுபோல் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றமே உம் வாயில் கோபமாக வந்தது. உம் மகள் மரபை இகழ்ந்து இதைச் செய்யவில்லை. தோழியரைப்போல் தோன்ற விரும்பினாள். நேர்ந்ததற்கு நாணியதால்தான் ஒளித்து மறைத்தாள். ஒளிக்காமல் உம்மிடம் வந்திருந்தால் இரண்டாம் தவறு நேர்ந்திராது. அடுத்த முறை அவள் வருவாளா என்பது இப்போது நீர் பேசும் சொல்லைப் பொறுத்தது. வருகிற வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு அவளுக்குப் பின்னால் அமருங்கள். அறிவுரை ஒன்றும் கூற வேண்டா. நுனி முதல் வேர் வரை பொறுமையாகச் சிக்கெடுத்து, எண்ணெய் தடவிப் பின்னிவிடுங்கள். மாமியாருக்கு நடந்ததைக் கூற வேண்டியிருந்தால் நீரே கூறுங்கள். அவளை நிறுத்தி வைத்து விசாரணை நடத்த வேண்டா.

கூந்தல் ஒரு விரற்கடை வளர மூன்று திங்கள் ஆகாது. அது வளர்ந்ததும் நமக்கு ஒரு வரி எழுதுங்கள்.