எட்டாவது ஆள் எங்கே?

பசிபிக் கடலிலே பறவை வந்தது. பிரசங்க மேடைகளிலே பரவசம் பிறந்தது. "பாரீர், பரமனின் கருணையை!" என்றனர். நாமும் பார்த்தோம், கதை முழுவதையும்.

1942 அக்டோபர். முதல் உலகப் போரின் புகழ்பெற்ற அமெரிக்க விமானவீரர் ரிக்கன்பாக்கர், ஹவாயிலிருந்து பி-17 ரக இராணுவ விமானத்தில் கிளம்பினார்; உடன் எழுவர். இடையிலே இறங்கவேண்டிய காண்டன் தீவு கண்ணிற்படவில்லை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானி செர்ரி, அந்த நான்கு எஞ்சின் விமானத்தைக் கடல்மீதே இறக்கினார். எட்டுப் பேரும் மூன்று ரப்பர் படகுகளில் ஏறினர். உணவு நான்கு ஆரஞ்சுப் பழங்கள், குடிநீரோ இல்லை! எட்டாம் நாள், ரிக்கன்பாக்கரின் தலைமீது ஒரு கடற்பறவை அமர்ந்தது. பிடித்தார், பங்கிட்டனர், பச்சையாகத் தின்றனர். குடலைத் தூண்டிலில் கோத்து மீனும் பிடித்தனர்.

ஆண்டவன் அனுப்பிய பறவையாம்! துணை விமானி விட்டேக்கர், தேவதைகளின் பாட்டையே தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். ரிக்கன்பாக்கர் 1943-இல் தம் நூலுக்கு இட்ட பெயர், எழுவர் மீண்டனர் என்ற பொருளுடையது.

எழுவர் சரி, எட்டாவது ஆள்? மருத்துவமனைப் படுக்கையை அண்மையில் விட்டெழுந்து வந்த இளம் சார்ஜெண்ட் அவர். அதே கடல், அதே பசி, அதே வேண்டுதல். மாண்டார், உடலைக் கடலில் விட்டனர். எழுவரைக் காத்தது அருளெனில், அவரைக் கைவிட்டதற்கு என்ன பெயர்? பறவைக்குத் தலையைக் காட்டத் தெரிந்த கைக்கு, விமானத்துக்குத் தீவைக் காட்டத் தெரியாமற்போனதேன்?

அருளின் பேரிரைச்சலிலே அமுங்கிப்போன குரலொன்று உண்டு. ஐவருக்கென்று சொல்லப்பட்ட படகிலே மூவர் காலை நீட்ட இடமில்லை! போருக்கு அனுப்பியவர்கள் படகிலே ஒரு குடுவை நீர் வைக்கவில்லை! படகின் அளவும் அதில் வைக்கும் பொருளும் திருந்தவேண்டுமென்று வற்புறுத்தியவர், வேண்டுதலில் நம்பிக்கை கொண்ட அதே ரிக்கன்பாக்கர்தான். மேடைகளோ பறவையைப் பாடின, படகைப் பாடவில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் கழிந்தபின் செர்ரியையும் ரிக்கன்பாக்கரையும் கண்டது எது? தேடிப் பறந்த கடற்படையினரின் கண்கள். முதலில் செர்ரி அகப்பட்டார்; தேடல் தீவிரமாயிற்று. ரிக்கன்பாக்கரின் படகை நெருங்கிய சிறு மிதவை விமானத்திலே ஒருவருக்கே இடமிருந்தது. மற்ற இருவரையும் இறக்கைகளின்மேல் கயிற்றால் கட்டி, வானில் எழாமல், இருட்டிலே நீர்மீதே ஓட்டிச் சென்றனர், எதிரே கடற்படைப் படகு வந்து சேரும்வரை.