அந்தக் கையுறை எதைத் தடுக்கும்?



உங்கள் வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கப் போயிருந்தால், வெள்ளை மேலங்கியும் கண்ணாடியும் கையுறையும் மாட்டி எடுத்த படத்தை விடுமுறையில் கொண்டுவந்து காட்டியிருக்கும். நமக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், "இந்தக் கையுறை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? படிக்காத நாம் போய் என்ன கேட்பது என்று இருந்துவிடுகிறோம். படித்தவர்களே கேட்கத் தவறிய கேள்வி அது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற பேராசிரியை இருந்தார். நச்சு உலோகங்கள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. பெண்பிள்ளைகள் அறிவியல் படிப்பை நடுவில் விட்டுவிடாமல் இருக்க, 1990-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அசட்டையான ஆள் இல்லை.

1996 ஆகஸ்டு 14-ஆம் நாள், டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரச மருந்தைக் குழாயில் எடுத்து மாற்றிக்கொண்டிருந்தார். நச்சாவியை மேலே இழுத்துக்கொள்ளும் கூண்டுக்குள்தான் வேலை. கையில் கையுறையும் இருந்தது. ஒரு சொட்டோ சில சொட்டுகளோ இடக்கை உறைமேல் விழுந்தன. துடைத்து ஒழுங்குபடுத்தினார், கையுறையைக் கழற்றினார், அத்தோடு அது முடிந்தது என்றே எண்ணினார்.

அது ரப்பர் பாலில் செய்த கையுறை. எந்த நாட்டுத் தோட்டத்துப் பாலோ, நாமும் நம் பெற்றோரும் விடியலில் மங்கு மங்காகச் சேர்த்த பாலின் இனம்தான். அந்தப் பாலைக் குறை சொல்ல நான் வரவில்லை. தண்ணீரையும் இரத்தத்தையும் அது அருமையாகத் தடுக்கும். ஆனால் ரப்பர் துண்டைப் பெட்ரோலில் ஊறப் போட்டால் உப்பிப் போவதைப் பார்த்திருப்பீர்களே! சில திரவங்களுக்கு ரப்பரில் ஓட்டையே தேவையில்லை. நேராக ஊடுருவிப் போய்விடும். பிறகு சோதித்துப் பார்த்தபோது, இந்தப் பாதரச மருந்து அத்தகைய கையுறையை 15 விநாடிக்குள் கடந்துவிடுகிறது என்று தெரிந்தது.

மாதக் கணக்கில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. உடல் இளைத்தது, அவ்வப்போது குமட்டல் வந்தது. 1997 ஜனவரியில் நடை தடுமாறி, பேச்சுக் குழறி, பார்வையும் செவியும் குன்றின. இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. நச்சு என்று கருதும் அளவைப்போல் 80 மடங்கு. பிப்ரவரியில் நினைவிழந்தார். ஜூன் 8-ஆம் நாள், 48 வயதில், காலமானார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிக்கூடம் ஒவ்வொன்றும் தன் பாதுகாப்புத் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 1990-லேயே அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. 'கையுறை போடு' என்று சொல்லியாயிற்று, அவரும் போட்டார். எந்தக் கையுறை என்பதில்தான் உயிர் போனது. கையுறைகளின் குறைபாட்டைப் போதுமான அளவு கற்பிக்கவில்லை என்று கல்லூரிக்கு 9,000 டாலர் அபராதம் விதித்தார்கள். இந்த மருந்துக்குப் பல அடுக்குப் பிளாஸ்டிக் கையுறை உள்ளே, தடித்த நீண்ட கையுறை வெளியே என்று இரண்டு அணிய வேண்டும் என்ற எச்சரிக்கையும் பிறகே வந்தது.

இன்னொன்று, இதற்கு நேர்மாறானது. கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் 2008 டிசம்பர் 29 அன்று ஷெரி சங்ஜி என்ற 23 வயதுப் பெண், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் மருந்தை ஊசிக்குழாயில் இழுத்தபோது குழாய் கழன்றுவிட்டது. மேலங்கி அணியவில்லை, செயற்கை நூல் ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்தார். அந்தக் கூடத்தில் மேலங்கி அணிவதில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன்பே சோதனை செய்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது காகிதத்தில் கிடந்தது! அவர் சம்பளம் வாங்கும் உதவியாளர் என்பதால் தொழிலாளர் சட்டப்படி வழக்கு வந்தது. சம்பளமில்லாத மாணவியாக இருந்திருந்தால் அந்தச் சட்டம் அவரை எட்டியிருக்காது.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவுப்படி, முதலாளி தன் வேலையாட்களுக்கு மட்டுமல்ல, தன் காரியத்தால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களுக்கும் பொறுப்பு. ஆகவே, 'இவன் மாணவன்தானே' என்று தட்டிக் கழிப்பதற்கு இடமில்லை. உடனடி ஆபத்து என்றால் வேலையாள் அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்ற உரிமை 2024 ஜூன் முதல் இச்சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். விரிவுரையாளரிடம் சந்தேகம் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகாது என்று இப்போது நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த முறை தொலைபேசியில் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: மருந்துப் புட்டிக்கு உரிய பாதுகாப்புத் தாளைப் படித்துவிட்டுத்தான் திறக்கிறாயா? எந்தக் கையுறை என்று அதில் போட்டிருக்கிறதா? இரவில் தனியாக வேலை செய்கிறாயா? மேலே தீயோ மருந்தோ பட்டால் நிற்க வேண்டிய அவசரத் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது?

மேலங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், மருந்தடித்த சட்டையைப்போலவே எண்ணி, குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். பல்கலைக்கழகத்திலேயே துவைக்க ஏற்பாடு உண்டா என்று விசாரிக்கவும் சொல்லுங்கள்.