பனியில் சிக்கிய மின்மகிழுந்து: ஒரு வகுத்தல் கணக்கு

பனிப்புயலில் சிக்கினால் மின்மகிழுந்தில் இருப்போர் குளிரில் விறைத்து இறப்பர் என்னும் செய்தி புலனத்தில் அடிக்கடி வலம் வருகின்றது. மாணவர்களும் அதனை நம்பிவிடுகின்றனர்.

2022 சனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 95ஆம் நெடுஞ்சாலை பனியால் முடங்கியது. செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் தம் மகிழுந்திலேயே கழித்தார். அங்கே மின்மகிழுந்து என்ன ஆகும்?

நிற்கும் வண்டியின் உட்புறத்தைக் கதகதப்பாக வைத்திருக்க ஏறக்குறைய 2 கிலோவாட் மின்திறன் போதும். கடுங்குளிரில் சற்றுக் கூடும். 60 கிலோவாட் மணி மின்கலம் பாதி நிறைந்திருந்தால் 30 மிஞ்சும். ஏறத்தாழ 15 மணி நேரம் தாங்கும். பெட்ரோல் வண்டியிலோ புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு நச்சு உள்ளே புகும். மின்மகிழுந்தில் அவ்வபாயம் இல்லை.

குறையும் உண்டு. மின்னூட்டம் தீர்ந்தால் பெட்ரோலைப் போல் கலனில் கொண்டுவந்து ஊற்ற இயலாது. 2024 சனவரியில் சிகாகோவின் கடுங்குளிரில், மின்னூட்ட நிலையங்களிலேயே பல வண்டிகள் முடங்கின. ஆகவே, புறப்படும்போது மின்கலத்தில் எவ்வளவு இருக்கின்றது என்பதே உயிர்காக்கும் கேள்வி.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இத்தகைய செய்தி வந்தால் உடனே மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்புக் கூறாதீர்கள். 30ஐ 2ஆல் வகுக்கும்படி பிள்ளையிடம் கூறுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கப் பழகிய பிள்ளையை வதந்தி எளிதில் ஏமாற்றாது என்பதே என் கருத்து.